ஃபேமிலி, ரிலேட்டிவ், ரிலேஷன்

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான கேட் ஆப் ஒன்றில் வீட்டிலிருந்தபடியே கோட் எழுதுவது என் வேலை. வருகிறவர் யார் என்று செக்யூரிட்டி தொட்டுத் தேர்ந்தெடுக்க அதில் ஒரு பட்டியல் உண்டு: டெலிவரி, மெயிட், பிளம்பர் என்று. போன மாதம் அதைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. வெவ்வேறு சமயத்தில் மூன்று பேர் கை வைத்ததில் ஃபேமிலி, ரிலேட்டிவ், ரிலேஷன் என்று ஒரே சங்கதிக்கு மூன்று பெயர். ஒரு புண்ணியவானும் ஏற்கெனவே இருப்பதை எட்டிப் பார்க்கவில்லை. மூன்றையும் ஒன்றாக்க வேண்டும்.

அதற்குமுன் பழைய பதிவுகள் எந்தப் பெயரில் கிடக்கின்றன என்று பார்ப்பது வழக்கம். செம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் இடத்திலும் எங்கள் ஆப்தான். சோதனைக்கு என் ஃபிளாட் எண்ணையே கொடுத்தேன். இரண்டு வருடப் பதிவுகள் திரை நிறைய வந்தன. எல்லாம் டெலிவரி. தண்ணீர் கேன், சாப்பாடு, கூரியர். எனக்கே வெட்கமாக இருந்தது.

நடுவில் ஒரே ஒரு வரி, ரிலேஷன். ஜூலையில் ஒரு நாள், மாலை நாலு மணி. பெயர் இல்லை.

அக்காதான் என்று நினைத்தேன். குன்றத்தூரில் இருக்கிறாள். அம்மாவின் காரியத்தன்று வார்த்தை தடித்துப் போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அந்த நாளில் நான் லேப்டாப் மாற்ற கேளம்பாக்கம் ஆபீசுக்குப் போயிருந்தேன். வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அவளுக்குக் கோபம் ஆறிவிட்டது. செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் கீழே ஓடினேன்.

செக்யூரிட்டி அண்ணன் தேதியைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கி எனக்கு மொத நாள் சார், நல்லா ஞாபகம் கீது. நீங்கதான் வந்தீங்க. எங்க போணும்னேன், பி பிளாக் நாலாவது மாடின்னு ஃபிளாட் நம்பர் சொன்னீங்க. சொந்தமான்னு கேட்டேன். காதுல போன் வெச்சிகினு தலைய ஆட்டிட்டுப் பூட்டீங்க."

"இங்கேயே குடியிருக்கிறவன்னு தெரியலையா அண்ணா?"

"வெளிய வந்தாதான சார் மூஞ்சி தெரியும்."

அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மேலே வந்து மூன்றையும் ஃபேமிலி என்று ஒன்றாக்கினேன். தப்பாகப் பதிந்த அந்த வரியை 'குடியிருப்பவர்' என்று திருத்தியிருக்க வேண்டும். விட்டுவிட்டேன். திருத்தினால், சொந்தம் என்று என் வீட்டுக்கு யாருமே வந்ததில்லை என்று ஆகிவிடும்.