ஒரே மாத்திரை, கடைக்கொரு விலை

இந்த அமெரிக்க ஊரில், பெரிய பலசரக்குக் கடைக்குள்ளேயே இருக்கும் மருந்துக்கடையில் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இளையவள் தேன்மொழிக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனால் அவளுடைய கருத்தடை மாத்திரை தயாரானதும், பால் வாங்க வந்தவர், நாய்த் தீனி வாங்க வந்தவர் அத்தனை பேர் காதிலும் விழ, கவுண்டரில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண் "முத்தையா" என்று கூப்பிடுகிறாள். அந்த மனுஷன் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போயிருப்பார். இரண்டும் பெண்ணாகப் பிறந்ததும், மூன்றாவது பையன்தான் என்று பெயரையும் யோசித்து வைத்திருந்தவர் அவர். வாடிப்பட்டியில் எங்கள் தெருமுனையிலேயே மெடிக்கல் ஷாப் உண்டு. ஆனால் கடைக்காரர் அவருக்கு மாமன் முறை. நான் மாத்திரை கேட்டால், நான் வீடு திரும்புவதற்குள் சேதி வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே என்னை யாருக்கும் தெரியாத மதுரைத் தல்லாகுளம் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கினேன். மாதம் தவறாமல் போனேன், சேலை மடியில் சொருகி ஒளித்துக்கொண்டு வந்தேன். அப்படி இரண்டோடு நிறுத்திக்கொண்டதால்தான் இரண்டு பேரும் இன்ஜினியர்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை எடுத்து மதுரை மார்க்கெட்டில் விற்று வீடு கட்டினேன். எந்தச் சரக்காக இருந்தாலும் நாலு கடையில் விலை கேட்காமல் நகர மாட்டேன். மூத்தவள் குடியுரிமை வாங்கி என்னை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு ஏழு வருடம் ஆகிறது. அந்தக் குணம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

தேன்மொழி முதல் பிரசவத்தில் பிழைத்து எழுந்ததே பெரிது. இரண்டு வருடத்துக்கு இன்னொன்று கூடவே கூடாது, வந்தால் தாய்க்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு வேலை போனது. வேலையோடு இன்சூரன்ஸும் போனது. மருந்துக்கடையில் முழு விலையைச் சொன்னதும் என் மகள் பையைத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு மாசம் பாத்துப்போம்மா" என்றாள். பார்த்துக்கொள்கிற விஷயமா இது? வியாபாரம் பார்த்த கண் சும்மா இருக்குமா? பக்கத்தில் ஒரு மெக்சிகோக்கார அம்மாள் காகித அட்டை ஒன்றை நீட்ட, திரையில் அவள் மருந்தின் விலை சரசரவென்று இறங்கியதைப் பார்த்துவிட்டேன். அதே அட்டை கவுண்டரில் கட்டாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இளைய மாப்பிள்ளை சரவணன் அதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அத்தை, இது இல்லாதவங்களுக்குக் குடுக்குறது. எங்க கிரீன் கார்டு மனு நிக்குது. கவர்மெண்டு உதவி வாங்குனோம்னு தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

வாட்ஸ்அப்பில் தமிழ் நண்பர்களிடம் கேட்டார். எல்லோரும் தொடாதே என்றார்கள். எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். சலுகை அட்டை என்றாலே ரேஷன் கார்டு என்று ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணம், விசா பயத்தோடு சேர்ந்துகொண்டது.

"மாப்ள, ரேசன் கார்டுல முத்திரை இருக்கும், குடும்பத் தலைவர் பேரு இருக்கும். இதுல ஒரு பேரு காட்டுங்க பாப்போம். பேரே இல்லாத கார்ட வச்சு உங்கள எப்படிப் புடிப்பான்?"

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நடுவுல நிக்கிற தரகன் பேசி எறக்குன வெல. மார்க்கெட்டுல எம்புட்டுப் பாத்திருக்கேன்."

மறுநாள் காலை மகளை இழுத்துக்கொண்டு போய், அட்டையை நானே நீட்டினேன். "ஃபார் யூ?" என்றாள் கவுண்டர்ப் பெண். அட்டை யாருடையது என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, "யெஸ், மைன்" என்றேன். என் நரைத்த தலையை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா, மாத்திரை உனக்கான்னு கேக்குறா."

"கேக்கட்டும். வெல எறங்குனா நானே முழுங்குறேன்னு சொல்லு."

தேன்மொழி சிரித்துவிட்டாள். வேலை போனபிறகு அன்றுதான் சிரித்தாள். பிறகு அவளே ஒவ்வொன்றாக விசாரித்தாள். இது அரசாங்க அட்டை இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. வருமானம் கேட்க மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் காட்டலாம். இன்சூரன்ஸ் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது, எது மலிவோ அதைப் போட்டுக்கொள்ளலாம். சீட்டு மட்டும் டாக்டருடையது வேண்டும்.

விலை பாதியாக இறங்கியது. வேறு ஆளாயிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நான் மகளை இன்னும் மூன்று கடைக்குப் போன் போடச் சொன்னேன். அதே மாத்திரை, அதே அட்டை, கடைக்கொரு விலை. இன்னொரு கம்பெனியின் அட்டைக்கு மூன்றாவது கடையில் இன்னும் இறங்கியது. சீட்டை அங்கே மாற்றி, முழு விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மூன்று மாத மாத்திரையையும் சேர்த்து வாங்கினோம். அன்று மாலை மாப்பிள்ளையே வாட்ஸ்அப்பில் எழுதினார், "எங்க அத்தை கண்டுபிடிச்சது" என்று. இப்போது இந்த ஊர்த் தமிழ்ப் பெண்கள் சீட்டு வாங்கினால் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். அஞ்சாங்கிளாஸ்காரிக்கு.

அன்றைக்குக் கடையைவிட்டு வெளியே வந்தால் பனி கொட்டுகிறது. மாத்திரைப் பையை நான் கோட்டுக்குள் விட்டு, சேலை மடியில் சொருகியிருக்கிறேன். எப்போது சொருகினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஏம்மா ஒளிக்கிற? இங்க யாரு பாக்கப் போறா?" என்றாள் தேன்மொழி.

பையை வெளியே எடுத்து, ஊரே பார்க்கட்டும் என்று வலது கையில் தூக்கிப் பிடித்தபடி கார் வரைக்கும் நடந்தேன். இடது கை மட்டும் கோட்டுக்குள்ளேயே கிடந்தது, வெறும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.