சாக்கு மறைப்பும் தண்ணீர்த் தூக்கும்

நான் தேவிகுளம் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். மலையில் ஒதுங்க மறைவிடம் கிடையாது என்பதால் வேலை முடியும்வரை பெண்கள் நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. ஏழு மாதக் கர்ப்பத்தில் எனக்கு விலாவில் உயிர்போகிற வலி. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று முருகனைக் கூப்பிட்டபடி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"வயித்துல பிள்ளை இருக்கு, எக்ஸ்ரே வேண்டாம்மா. ஒலியை அனுப்பிப் பாக்குற புது மிஷின் வந்திருக்கு" என்றார் டாக்டர். திரையில் பிள்ளை நலமாய்த் தெரிந்தது. கல் இருந்தது என் சிறுநீரகத்தில். தண்ணீர் குடிக்காததும் ஒரு காரணமாம். நிறையக் குடித்தேன். முருகன் அருளால் கல் தானே வெளியேறியது. மகனும் சுகமாய்ப் பிறந்தான்.

வேலைக்குத் திரும்பியதும் மலையில் சாக்கால் ஒரு மறைப்புக் கட்டினேன்.

"மகாராணிக்கு அரண்மனையோ?" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

"ஆமாண்ணே. உங்க வீட்டு மகாராணியும் எங்களோடதானே பறிக்கிறாக!" என்றேன்.

இப்போது அவர் மனைவி உட்பட எல்லோரும் தண்ணீர்த் தூக்குவாளியோடுதான் மலையேறுகிறோம்.