குதிரையிலிருந்து இறங்க இடது கால்

பதுளைக்குக் கார்னிவல் வந்த வாரம் என் மணிக்கட்டு உடைந்தது. "ராட்டினத்தில் விபத்து" என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அதில் கொஞ்சம் வீரம் இருக்கிறது. நடந்தது வேறு.

குதிரை ராட்டினத்தில் ஏற ஆசைப்பட்டவள் என் மனைவி. அவளுக்கு வெள்ளைக் குதிரை, எனக்குக் காது உடைந்த பழுப்புக் குதிரை. "நின்ன பொறகு எறங்குங்க சேர்" என்றார் ராட்டினக்காரர். தலையாட்டினேன்.

தலை கேட்டது, கால்கள் கேட்கவில்லை. முப்பது வருடமாக மடுல்சீமை பஸ்ஸில் போய்வரும் கால்கள் அவை. நான் இறங்கும் இடத்தில் அந்த பஸ் முழுதாக நின்றதாக நினைவில்லை. வேகம் குறையும், இடது காலை முதலில் வைத்து, பஸ் போகும் திசையிலேயே இரண்டு எட்டு ஓடவேண்டும். குதிரையின் வேகம் குறைந்ததும் கால்கள் அதையே செய்தன. பஸ் நேராகப் போகும், குதிரை வட்டமாகப் போகும் என்பது டிக்கட் மேசையில் மோதிய பிறகுதான் உறைத்தது.

பாதுகாப்பைப் பார்க்க வந்திருந்த அதிகாரி ஓடிவந்தார். "மெசின் பிழையா? அப்படின்னா இப்பவே பூட்டிருவேன்."

ராட்டினக்காரர் வெளிறிப்போனார். பூட்டினால் அடுத்த வாரம் கார்னிவல் போகும் மொனராகலையிலும் அவருக்கு வேலை இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். அதில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

"மெசின்ல ஒண்ணுமில்லீங்க. நிக்கிறதுக்கு முன்னாடி நான்தான் எறங்கிட்டேன்."

அதிகாரி நம்பவில்லை. "படிச்ச மனுசன் அப்படி எறங்குவாரா? பயப்படாம சொல்லுங்க சேர், மெரட்டுனாங்களா?"

உண்மையைச் சொன்னதற்கே சாட்சி தேவைப்பட்டது. குதிரையை விட்டு இறங்காமலே மனைவி சாட்சி சொன்னாள்: "அவரு அப்படித்தாங்க. வீட்டு வாசல்ல ஆட்டோ நிக்கிறதுக்குள்ளயே குதிச்சிருவாரு. போன மாசம் பூந்தொட்டி போச்சு."

பூந்தொட்டியையும் சேர்த்து எழுதிக்கொண்டு அதிகாரி போனார்.

மறுநாள் மாலையும் ராட்டினம் ஓடியது. மனைவிக்கு மறுபடி வெள்ளைக் குதிரை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் கைப்பையைக் காத்து நின்றேன். ஒலிபெருக்கியில் ராட்டினக்காரரின் நன்றி கலந்த குரல்:

"நின்ன பொறகு மட்டும் எறங்குங்க! நேத்து ஒருத்தர் குதிச்சிட்டாரு. நல்ல மனுசன். அந்தா, கைப்பையோட நிக்கிறாரே, அவருதான்!"