ஆள் வந்தால் நிற்கும் மெஷின்

எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா உடனே காபிக்குத் தண்ணீர் வைக்கமாட்டாள். பக்கத்து வீட்டு மெஷினை நிறுத்தச் சொல்லி முதலில் என்னை விரட்டுவாள். காபி அதற்கப்புறம்தான்.

பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு வீடுகளுக்கு இடையே இடைவெளி என்று ஒன்று கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமா, ரிடையர் ஆனபிறகு சாம்பார்ப் பொடியும் மிளகாய்ப் பொடியும் அரைத்துக் கடைகளுக்குப் போட ஆரம்பித்தார். பென்ஷன் இல்லாத வேலை பார்த்தவர். வீட்டு மிக்ஸியில் தொடங்கிய வியாபாரம் நன்றாக ஓடவே, ஒருநாள் லாரியில் ஒரு பெரிய இரும்பு மெஷின் வந்து இறங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பாவும் ஒரு கை கொடுத்த பிறகுதான் அதை உள்ளே இறக்கி வைக்க முடிந்தது.

அது ஓட ஆரம்பித்தால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்று பேசிக்கொள்ளும். காலண்டரில் பள்ளிகொண்டிருக்கும் பத்மநாபசுவாமி தொட்டிலில் போட்டதுபோல ஆடுவார். ஆனால் அவர் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்க முடியாதவர் அப்பாதான்.

அப்பாவுக்கு ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ராத்திரி டியூட்டி. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார். அவர் கண்ணை மூடவும் மாமா சுவிட்சைப் போடவும் சரியாக இருக்கும். அப்பா காதில் பஞ்சை அடைத்து, மேலே தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போவார். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தபோது சமையலறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றியவர், அந்த நாட்களில் என் பையின் ஜிப்பை இழுத்தால்கூட எரிந்து விழுவார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வரும்.

அப்புறம் ஒருநாள் அவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு மாத்திரைக்குப் பதில் வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். வார்டு நர்ஸ் பார்த்துவிட்டதால் விபரீதம் எதுவும் நடக்கவில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நானே வேலையை விட்டுடுவேன். யார் உசிரோடயாவது விளையாட முடியுமோ?”

அப்பா வேலையை விட்டால் வீட்டிலேயே இருப்பார், நல்லதுதானே என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா ஏன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள் என்று தெரியவில்லை.

மாமாவிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் தெருவின் மரியாதை உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமாவும் முகம் சுளிக்காமல் நிறுத்துவார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே, வந்தது யார், எந்த ஊர் என்று விசாரிப்பார். சிலநேரம் வந்தவருக்கென்று ஒரு பொட்டலம் ரசப்பொடியும் என்னிடம் கொடுத்தனுப்புவார். ஆனால் எங்களுக்கே கஷ்டமாக இருக்கிறது, நிறுத்துங்கள் என்று சொல்வது மட்டும் கூடாது. அது அவர் பிழைப்பில் கை வைக்கிற காரியம். மாமாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாத அம்மா, அவருக்குத் தெரியாமல் சர்க்கார் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதுதான் அவளுக்கு மரியாதையாகப் பட்டது.

சில நாள் கழித்து, அப்பா படுத்துக் கொஞ்ச நேரத்தில், ஸ்கூட்டரில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். வாசலில் ஆளைப் பார்த்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன். மெஷின் நின்றது. எல்லாம் வழக்கப்படி நடந்தது.

அதிகாரி காபியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து சத்தம் அளக்கும் ஒரு கருவியை எடுத்து முக்காலிக் கம்பியின்மேல் பொருத்தினார். அதன் தலையில் கறுப்பு ஸ்பாஞ்சில் ஓர் உருண்டை இருந்தது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தேன். தெருவில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அதிகாரி எண்களைக் குறித்துக்கொண்டு தலையாட்டினார். பிறகு கேட்டார்.

“சேச்சி, மெஷின் எப்போ ஓடும்?”

“இப்போ ஓடாது. நீங்க வந்திருக்கேளே, அதான் நிறுத்தச் சொல்லியிருக்கோம்” என்றாள் அம்மா, உபசாரம் குறைவில்லாமல்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் முகம் போன போக்கை இன்றும் என்னால் மறக்க முடியாது. அறையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி மட்டும் சிரித்தார்.

“சாரமில்ல சேச்சி, பரவாயில்ல. மெஷின் இல்லாதப்போ உள்ள சத்தமும் எனக்கு வேணும். ரெண்டையும் அளந்தாத்தான் வித்தியாசம் தெரியும். இனி போடச் சொல்லுங்கோ.”

மறுபடியும் என் ஓட்டம். ஆனால் மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

“ஆள் இருக்கறச்சே போடப்படாதுடி. வந்தவா என்ன நினைச்சுப்பா?”

“அவா உங்க மெஷின் சத்தத்தை அளக்கத்தான் வந்திருக்கா மாமா.”

மாமா கையைத் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தார். பிறகு போய் சுவிட்சைப் போட்டார்.

அதிகாரி கூடத்தில் அளந்தார், வாசலில் அளந்தார், அப்பாவின் அறையில் அளந்தார். அறையில் வந்த எண்தான் எல்லாவற்றிலும் பெரிது. வாசல், ஜன்னல் வழியாகச் சத்தம் வருகிறதென்றால் வாசலில்தானே அதிகம் இருக்கவேண்டும்? அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெஷினைப் பார்க்கவேண்டும் என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன்.

மெஷின் ஒரு சிமெண்டு மேடையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. மேடை எங்கள் சுவரோடு ஒட்டிக் கட்டியது. நடுக்கம் முழுக்க மேடையிலிருந்து சுவருக்கு ஏறி, அங்கிருந்து அப்பாவின் தலையணைக்கு வருகிறது என்று அதிகாரி விளக்கினார். மெஷினை எதிர்ப்பக்கம் மாற்றி, சுவரைத் தொடாமல் தனி மேடை கட்டி, அடியில் கனமான ரப்பர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், தொழிலை நிறுத்த வேண்டாம் என்றார்.

மாமா அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“யார் யாருக்கோ நிறுத்தியிருக்கேன். உங்காத்துக்காரர் தூங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“அவர் தினமும் தூங்கணுமே மாமா. தினமும் நிறுத்தினா உங்களுக்கு எப்படி?”

மாமா அதிகாரியிடம் திரும்பி, அந்த ரப்பர் சாலைக் கடைத்தெருவில் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

மேடையை உடைத்துக் கட்டிய நாட்களில் மெஷின் ஓடவில்லை. அப்போதும் அப்பா தூங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சத்தம் எப்போது வரப்போகிறதோ என்று காத்துக்கொண்டு படுத்திருப்பார்.

சிமெண்டு காய்ந்தபிறகு ஒரு சனிக்கிழமை காலை மாமா மெஷினைப் போட்டார். அம்மா சுவரில் கை வைத்தாள். டம்ளர்கள் சும்மா இருந்தன. எங்கோ தூரத்தில் எஞ்சினை அணைக்காமல் பஸ் நிற்பதுபோல ஓர் உறுமல் மட்டும் கேட்டது. அப்பா படுத்தார். மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்தபோதும், அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருக்க, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் என்னைத் தோளில் தூக்குவார் என்று காலையிலிருந்து நம்பியிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அம்மா அறை வாசலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மெஷின் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அழாதேம்மா, நான் போய் நிறுத்தச் சொல்லிட்டு வரேன்” என்றேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டு, என் வாயை மெதுவாகப் பொத்தினாள். நான்தான் போய் நிறுத்தச் சொல்கிறேன் என்கிறேனே, இவள் ஏன் இன்னும் அதிகமாக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.