ஆறு வருடப் பதிவு மூப்பு

நான் விலங்கியல் பட்டதாரி. ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில், வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் சேலைகளைப் பழைய மடிப்பு பிசகாமல் திரும்ப மடித்து வைப்பது என் உத்தியோகம். கல்லூரியில் தவளையை அறுத்து அதன் இதயம் துடிப்பதைச் சேதாரமில்லாமல் காட்டியதற்காகப் பேராசிரியர் என்னைத் தட்டிக்கொடுத்திருக்கிறார். கடைக்கு வெளியூர்க்காரர்கள் வந்தால் முதலாளி என்னைக் காட்டி, "நம்ப தம்பி பி.எஸ்ஸிங்க" என்று பெருமையாகச் சொல்வார். சொன்ன கையோடு, "ஜல்தியா நாலு டீ சொல்லிட்டு வாப்பா" என்பார். பத்தாவதில் மூன்று பாடத்தில் கோட்டை விட்ட என் பெஞ்சுத் தோழன் அதே தெருவில் இரண்டு விசைத்தறி போட்டு, என்னைப்போல மூன்று பங்கு சம்பாதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்கே நான்தான் ஆபீஸ். முக்கியமாக வேலைவாய்ப்பு அலுவலக அட்டைகள். படித்து முடித்ததும் திருவண்ணாமலைக்குப் போய்ப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்த தேதியிலிருந்து வரிசை. அதற்குப் பதிவு மூப்பு என்று பெயர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குமேல் கொடுக்கிற இரண்டு மாதச் சலுகை நாளும் தாண்டிவிட்டால் வரிசையின் வாலுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். தபாலிலும் புதுப்பிக்கலாம். "தபால நம்பாதீங்க, நானே நேர்ல போறேன்" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தவன் நான். அந்தந்த மாதம் புதுப்பிக்கவேண்டிய அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக எடுத்துப் போவேன். பஸ் காசும் டீ காசும் கொடுப்பார்கள். மரியாதை தனி.

என் அட்டையைப் பற்றி எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் நிற்கிற விலங்கியல் பட்டதாரிகளை வைத்து ஒரு தாலுகாவே அமைக்கலாம். என் தங்கையின் அட்டை அப்படியல்ல. அவள் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அவள் நின்ற வரிசை, நகர்கிற வரிசை. கூலிக்குப் பட்டு நெய்த அப்பா, அவளை இரண்டு வருடம் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைத்தார். நான் படித்தபோது, "படிக்கிறான், படிக்கட்டும்" என்றவர், அவள் பாஸ் செய்ததும் தறியைவிட்டு இறங்கித் தெருக்கோடி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பதிவு செய்து மூன்றாம் வருடம் அவள் அட்டையை ஒழுங்காகப் புதுப்பித்தேன். ஆறாம் வருடம் வந்தது. அக்டோபர் மாதம்.

சரஸ்வதி பூஜையன்று எங்கள் தெருவில் தறிகள் நிற்கும். தறிக்கும், ஊடு நூலை ஓட்டுகிற நாடாவுக்கும் பொட்டு வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிப் படைப்போம். முதல்நாளே அம்மா என் அட்டைக் கட்டிலிருந்து தங்கையின் அட்டையை உருவி, நாடாவுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் வரை தொடக்கூடாது.

"டேய், பாப்பா அட்ட சாமிகிட்ட இருக்குது. போம்போது மறக்காம எடுத்துக்கோ."

நான் வாய் நிறையச் சுண்டலோடு "ம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனேன். பன்னிரண்டு அட்டை என்ற நினைப்பு. ஜன்னலில் கொடுத்தேன், முத்திரை வாங்கினேன், பரோட்டா சாப்பிட்டேன், மேட்னி ஷோ கூடப் பார்த்தேன். திரும்பும்போது போளூர் தாண்டிப் பொழுது போகாமல் அட்டைகளைப் புரட்டினேன். பதினொன்று இருந்தது. பன்னிரண்டாவது எங்கள் வீட்டு சாமி அலமாரியில் பொட்டோடு இருந்தது.

தெருவில் இறங்கியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

"தம்பி மட்டும் இல்லன்னா நாங்க இன்னா பண்ணுவோம்!" என்றார் ஒரு பெரியவர். "படிச்ச புள்ளன்னா இதான்யா."

அவர்களுக்கு நடுவிலிருந்து தங்கை கேட்டாள். "ண்ணா, என்னுது ஆச்சா?"

"ஆச்சு" என்றேன்.

அந்தச் சொல்லை அன்று ராத்திரியே திரும்ப எடுத்திருக்கலாம். அடுத்த வாரம் போய் முடித்துவிட்டால் எடுக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அடுத்த வாரம் தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டது. கடையில் லீவு கேட்டால் முதலாளி, "தீவாளிக்கு லீவா? நீ பி.எஸ்ஸி தானா?" என்று சந்தேகப்பட்டார். அப்புறம் மழை. அப்புறம் முகூர்த்தச் சேலைகள். சலுகை நாள் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அது எனக்காகக் காத்திருக்கவில்லை. ஜனவரியில் போய் நின்றபோது ஜன்னலுக்குள் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேதி தாண்டிப்போச்சேங்க."

"பத்து நாள்தாங்க சார்."

"ஒரு நாளா இருந்தாலும் அதேதாங்க. அந்தப் பொண்ணு புதுசா பதியணும்." அவர் நல்ல மனிதர். படிவத்தைக் கையில் கொடுத்து, "யாருப்பா இந்த அட்டைக்குப் பொறுப்பு?" என்று வருத்தத்தோடு கேட்டார். வீட்டில் ஒரு மடையன் இருக்கிறான் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் படிவத்தை நீட்டினேன். "பொட்டு பட்டு அட்ட கெட்டுப்போச்சு. வேற அட்ட தராங்களாம். இங்க ஒரு கையெழுத்து போடு." அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பின்னால் நின்ற அம்மா, "ஐயோ, நான்தான் பொட்டு வெச்சுக் கெடுத்துட்டேனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கும் நான் "ம்" என்றுதான் சொன்னேன். இந்த முறை வாயில் சுண்டல் இல்லை.

புது அட்டை வந்து, வழக்கம்போல என் கட்டிலேயே இருந்தது. காத்திருக்கிற நேரத்தில் தங்கை ஊரிலேயே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். மாதம் எழுநூறு ரூபாய். விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண் அதைவிட நிறையவே சம்பாதித்தாள், அதுவும் வீட்டில் உட்கார்ந்தபடி. குழந்தை உளவியலும் பாடத் திட்டமும் படித்த என் தங்கை, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஷூ லேஸ் கட்டி, ரிக்‌ஷாவில் எண்ணி ஏற்றினாள். "கொஞ்ச நாள்தானே ண்ணா, இண்டர்வியூ கார்டு வந்துடும்" என்பாள். செய்யாறு பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "ஆர்டர் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று நான்கு வருடத்தில் அவளோடு படித்தவர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் வந்தது. ஒருத்திக்குத் தேவிகாபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளி. புது மொபெட்டில் வந்து ஸ்வீட் கொடுத்தாள். "உனக்கு எப்பவோ வந்திருக்கணுமேடி! எனக்கு முன்னாடி பதிஞ்சவதானே நீ?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் போயி இன்னா ஏதுன்னு கேட்டுகினு வாங்க."

போனோம். ஜன்னலில் வேறு ஆள் இருந்தார். பதிவேட்டைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்தார். "உங்களுக்கு இன்னும் நாளாகும்மா. பழைய பதிவு காலாவதி ஆயிடுச்சு. இதோ, இங்க போட்டிருக்கிற ஜனவரியில இருந்துதான் மூப்பு."

அவள் அந்தத் தேதியைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். அது கெட்டுப்போன அட்டைக்குப் பதிலாக வந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். "சரிங்க சார்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எப்போதும் ஏதாவது கோணங்கித்தனம் பண்ணி அவளைச் சிரிக்கவைக்கிறவன் நான். போளூர் வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு வந்தேன். கடைசியில், "திட்டுடி" என்றேன்.

"திட்டினா ஆறு வருஷம் வந்துடுமா?"

அப்புறம் அவளே சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லாத ண்ணா. உன்ன வூட்ட வுட்டுத் தொரத்திடும்."

"நீ இன்னா சொல்லப்போற?"

"இன்னும் என் முற வரலன்னு சொல்லுவேன். பொய் இல்லியே."

அம்மாவிடம் மட்டும் அன்றைக்கே சொன்னாள், பொட்டால் ஒன்றும் கெடவில்லை என்று.

பிறகு அவளுக்கு உள்ளூரிலேயே ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தாவோடு கல்யாணம் நடந்தது. நர்சரி வேலை தொடர்ந்தது. சம்பளம் ஆயிரத்து இருநூறு வரை ஏறியது. அவளோடு படித்தவர்கள் அதைப்போல ஏழெட்டு மடங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் யாரிடமும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் கூட்டல் பெருக்கல் நன்றாக வரும்.

அப்பாவுக்குக் கண் புரையோடி, தறியில் உட்கார முடியாமல் போன வருடங்களில், அவருக்கு ஒரே வேலை அரசாங்கத்தைத் திட்டுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வந்திருந்தாள். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா கவர்மெண்டு இது? பொண்ணு படிச்சுட்டு எத்தினி வருசமா காத்துகினு கெடக்குது! அந்த லிஸ்ட்டு எவன் கைல மாட்டிகினு இருக்குதோ, அவன் வூட்ல பொண்ணு புள்ள இல்லியா? அவன் சோறுதான் துன்றானா?"

என் கை சோற்றில் இருந்தது.

தங்கை குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். "விடுப்பா. அவங்களுக்கும் ஆயிரம் வேல இருக்கும். வேணும்னேவா பண்ணுவாங்க?"

"நீ இப்படியே சப்பக்கட்டு கட்டிகினு இரு" என்றார் அப்பா.

அவள் என் தட்டில் குழம்பை ஊற்றினாள். "சாப்புடு ண்ணா" என்றாள்.

சாப்பிட்டேன்.