முதலில் சாகிறவன்

இன்று கைபேசியில் ஓடிய பழைய பேய்ப்படத்தில், இப்போது உலகமே கொண்டாடும் ஹாலிவுட் நாயகன் மீசை அரும்பாத பையனாக வந்து நின்றதும், நைனார்பாளையம் வீடியோ கொட்டகையின் பீடி நெடியும் நனைந்த சாக்கு வாடையும் மூக்கில் ஏறின. பகல் காட்சியில் ஆளுக்கொரு நடிகனைப் பிடித்துக்கொள்வோம். யாருடைய ஆள் முதலில் சாகிறானோ, அவர் தனியாகப் பின்பக்கத்துப் பாசிக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வர வேண்டும்.

"இன்னாடி பாக்குற, இவன் சாவ மாட்டான், மூஞ்சியே சொல்லுது" என்று தோழி செல்வி அந்தப் பையனைத்தான் பிடித்தாள். கால் மணி நேரத்தில் அவன் ஒரு கதவைத் திறந்தான், செத்தான். செல்வி சொம்போடு எழுந்து போனாள். படம் முடியும்வரை அவளை நாங்கள் யாரும் தேடவில்லை.

அவளைக் கிணற்றிலிருந்து தூக்கிய பிறகு கொட்டகையை இடித்து, கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள்.

இன்று அவன் கதவில் கை வைத்ததும் படத்தை நிறுத்திவிட்டேன்.