முட்டுக்கா, மண்டைக்கா?

வளைகுடா வெயிலில் இருபது வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டிக் காய்ந்த வழுக்கைத் தலை என்னுடையது. இப்போது அதில் சொரசொரப்பாக நாலைந்து திட்டுகள். தோல் மருத்துவர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று டியூப் தீர்ந்துவிட்டது. மருந்துச் சீட்டை எடுக்காமலே பேட்டையில் ஒரு மருந்துக்கடைக்குப் போய் ஜெல்லின் பெயரை மட்டும் சொன்னேன். கடையில் இருந்த பெண் உடனே எடுத்து நீட்டினார்.

"முட்டுவலி ரொம்ப நாளா இருக்கா அண்ணாச்சி?"

"முட்டுக்கு இல்லம்மா, மண்டைக்கு."

நீட்டிய டியூபை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பேரு ஒண்ணுதான், ஆனா மருந்தோட அளவு வேற. இதுல வலிக்குப் போடுத வேற சாமானும் சேந்திருக்கு. மண்டையில தேச்சா காந்திரும். சீட்டு எங்க?"

வீட்டுக்குப் போன் போட்டு, மனைவியைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரப் பெண் சரியான டியூபைத் தந்தார்.

"புண்ணுல போட்டிராதீக. தேச்சதும் கையக் கழுவணும். வெயில்ல தொப்பி போடுதியளா?"

"போடுதேன்மா."

அவர் என் வெறுந்தலையைப் பார்த்துச் சிரித்தார்.

சீட்டில்லாமல் பெயரை மட்டும் சொல்லி மருந்து வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள். நான் தூக்கிவிட்டேன்.